தூக்குத் தீர்ப்பு வந்தால் அதை எப்படிப் படிப்பது?

"குற்றவாளிக்குத் தூக்கு" என்று டிவியில் சிவப்புப் பட்டை ஓடிய அரை மணி நேரத்தில் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குரூப் இரண்டாகப் பிளந்துவிடும். "இவனையெல்லாம் ஜெயிலில் வைத்து எதுக்குச் சோறு போடணும், நாளைக்கே தொங்கவிடு" என்பார் பெரியப்பா. "உயிரை எடுக்கிற வேலை அரசாங்கத்துக்கு எதுக்கு" என்பாள் அத்தை மகள். இரண்டு பேரும் தீர்ப்பைப் படித்திருக்க மாட்டார்கள். நானும் ரொம்ப நாள் படிக்காமல்தான் கத்திக்கொண்டிருந்தேன். படிக்க ஆரம்பித்த பிறகு என் கட்சி பெரிதாக மாறவில்லை, ஆனால் எதைப் பார்த்துப் பேசணும் என்பது மாறிவிட்டது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன். சட்டம் படித்தவர்களுக்கு இதில் புதிதாக ஒன்றும் இருக்காது.

முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். "கொடூரமான தண்டனை கூடாது" என்று நம் அரசியல் சட்டத்தில் எங்கேயும் ஒரு வரி கிடையாது. அமெரிக்காவில் 1791-லேயே எட்டாவது திருத்தமாக அது ஏறிவிட்டது, அதுவும் 1689-ல் இங்கிலாந்தில் வந்த உரிமைச் சட்டத்திலிருந்து எடுத்த வாசகம். நம்மிடம் இருப்பது 21-வது பிரிவு: சட்டம் வகுத்த நடைமுறைப்படி அல்லாமல் யாருடைய உயிரையும் சுதந்திரத்தையும் பறிக்கக் கூடாது. இதைத் திருப்பிப் படித்தால் நடைமுறைப்படி பறிக்கலாம் என்றுதானே வருகிறது? அப்படித்தான் வந்தது. 1972 அக்டோபரில் ஜக்மோகன் சிங் வழக்கில், அதற்குச் சில மாதம் முன்பு அமெரிக்க சுப்ரீம் கோர்ட் மரண தண்டனையை நிறுத்தி வைத்ததைக் காட்டி வாதாடியபோது, எட்டாவது திருத்தம் மாதிரி ஒன்று இங்கே இல்லையே என்று சுப்ரீம் கோர்ட் ஒதுக்கிவிட்டது.

திருப்பம் 1978-ல். மேனகா காந்தி வழக்கு, பாஸ்போர்ட் பறிமுதல் விவகாரம், தூக்குக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. ஆனால் அதில்தான் 'நடைமுறை' என்றால் ஏதோ ஒரு நடைமுறை போதாது, அது நியாயமானதாக இருக்கணும் என்று கோர்ட் சொன்னது. அதே வருஷம் திகார் ஜெயிலில் தூக்குக் கைதியாக இருந்த சுனில் பத்ரா, தன்னைத் தனிமைச் சிறையில் அடைத்ததை எதிர்த்துப் போன வழக்கில் நீதிபதி கிருஷ்ணய்யர் போட்டு உடைத்தார்: நம்மிடம் எட்டாவது திருத்தம் இல்லைதான், ஆனாலும் மேனகா காந்திக்குப் பிறகு விளைவு அதேதான். ஆக, இங்கே பாதுகாப்பு ஒரு வாக்கியத்தில் இல்லை. நடைமுறையின் ஒவ்வொரு படியிலும் கொஞ்சம் கொஞ்சமாக இருக்கிறது. எந்தப் படி தாண்டப்பட்டது, எந்தப் படியில் கால் வைக்காமலே குதித்துவிட்டார்கள் என்று பார்ப்பதுதான் தீர்ப்பைப் படிக்கிற வித்தை. (வாசகம் இருந்துவிட்டால் சண்டை தீர்ந்துவிடும் என்றும் நினைக்க வேண்டாம். அமெரிக்கா நான்கே வருஷத்தில், 1976-ல், மரண தண்டனைக்குத் திரும்பக் கதவைத் திறந்துவிட்டது.)

எந்தக் கோர்ட், என்ன நம்பர்

செய்தியைப் பார்த்ததும் கேட்க வேண்டிய முதல் கேள்வி, தீர்ப்பு சொன்னது யார்? செஷன்ஸ் கோர்ட் என்றால் அது பாதித் தீர்ப்புதான். ஹைகோர்ட் உறுதி செய்யாமல் அந்தத் தண்டனையை நிறைவேற்றவே முடியாது. கைதி அப்பீல் போடுகிறாரோ இல்லையோ, செஷன்ஸ் நீதிபதியே கட்டை ஹைகோர்ட்டுக்கு அனுப்பணும் (பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 366, 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 407). அங்கே குறைந்தது இரண்டு நீதிபதிகள் சாட்சியத்தை முதலிலிருந்து புரட்டுவார்கள். மெட்ராஸ் ஹைகோர்ட்டில் இந்த மாதிரி வழக்குகளுக்கு 'ஆர்.டி.' (Referred Trial, அதாவது உறுதி செய்ய அனுப்பிய வழக்கு) என்று தனி நம்பர் வரிசை உண்டு. ஹைகோர்ட் தீர்ப்பைத் தேடுகிறீர்கள் என்றால் பேரை வைத்துத் தேடாமல் அந்த ஆர்.டி. நம்பரைப் பிடியுங்கள், நேரம் மிச்சம். சுப்ரீம் கோர்ட் தீர்ப்புகள் அவர்களுடைய சொந்த இணையதளத்திலேயே இலவசமாகக் கிடைக்கின்றன, சிலவற்றுக்குத் தமிழாக்கமும் இருக்கிறது.

இந்தப் படிகளுக்கு எவ்வளவு மதிப்பு என்று கேட்டால் நமக்குத் தூரம் போக வேண்டாம். ராஜீவ் காந்தி கொலை வழக்கில் 1998 ஜனவரியில் பூந்தமல்லி தடா கோர்ட் 26 பேருக்கும் தூக்கு என்றது. தடா என்ற பயங்கரவாதத் தடுப்புச் சட்டத்தில் நடந்த வழக்கு என்பதால் ஹைகோர்ட் என்ற படியே கிடையாது, நேராக சுப்ரீம் கோர்ட். 1999 மே மாதம் அங்கே தூக்கு உறுதியானது நாலு பேருக்கு. மூன்று பேருக்கு ஆயுள், மீதி 19 பேர் கொலைக் குற்றச்சாட்டிலிருந்தே வெளியே. நாலில் ஒருவருக்கு, நளினிக்கு, 2000-ல் ஆளுநர் தண்டனையைக் குறைத்தார். மற்ற மூவருக்கும் 2014-ல் குறைந்தது. 26-ல் ஆரம்பித்துப் பூஜ்யத்தில் வந்து நின்றது. 1998-ல் அந்தச் செய்தியைப் படித்துவிட்டு "முடிந்தது" என்று பேப்பரை மடித்து வைத்தவர்களை நினைத்துப் பாருங்கள்.

பின்னாலிருந்து படியுங்கள்

தீர்ப்பு முந்நூறு பக்கம் இருக்கும். முதல் இருநூற்றைம்பது பக்கம் குற்றம் நடந்தது எப்படி, சாட்சி யார், ரத்தக் கறை எங்கே. அதைப் படித்தால் யாருக்கும் ரத்தம் கொதிக்கும், கொதிக்கத்தான் வேண்டும். ஆனால் தண்டனை பற்றிய பகுதி கடைசியில் தனியாக இருக்கிறது, அங்கிருந்து ஆரம்பியுங்கள். குற்றவாளி என்று முடிவு செய்வது ஒரு வேலை, என்ன தண்டனை என்பது வேறு வேலை. இரண்டாவதற்குத் தனியாக விசாரணை வைத்தே தீரணும் என்று சட்டமே சொல்கிறது (பழைய 235(2), புதிய 258(2)).

அந்தப் பகுதியில் நான் முதலில் பார்ப்பது தேதி. குற்றவாளி என்று அறிவித்த தேதியும் தண்டனை சொன்ன தேதியும் ஒன்றா? காலையில் "நீ குற்றவாளி", மத்தியானம் சாப்பாட்டுக்குப் பிறகு "உனக்குத் தூக்கு" என்று முடிந்த வழக்குகள் ஏராளம். அதே நாளில் சொன்னதாலேயே தீர்ப்பு செல்லாது என்று ஆகிவிடாது, ஆனால் அந்த ஒன்றிரண்டு மணி நேரத்தில் ஒரு மனிதனின் முழு வாழ்க்கையையும் பற்றி வக்கீல் என்னத்தைத் திரட்டியிருக்க முடியும்? அவருடைய வாதம் பெரும்பாலும் ஒரே வரியில் இருக்கும்: "இவர் ஏழை, இளைஞர், குடும்பம் இருக்கிறது, கருணை காட்ட வேண்டும்." இந்தச் சிக்கலை 2022 செப்டம்பரில் சுப்ரீம் கோர்ட்டே தானாக எடுத்து ஐந்து நீதிபதிகள் அமர்வுக்கு அனுப்பியது.

அடுத்து, சிறப்புக் காரணம். கொலைக்குச் சட்டத்தில் இரண்டு தண்டனை, ஆயுள் அல்லது தூக்கு. இதில் ஆயுள்தான் வழக்கம், தூக்கு என்றால் ஏன் என்று தனியாகக் காரணம் எழுதணும் (பழைய 354(3), புதிய 393(3)). 1980-ல் பச்சன் சிங் வழக்கில் ஐந்து பேர் அமர்வில் நாலு பேர் மரண தண்டனை அரசியல் சட்டப்படி செல்லும் என்றார்கள், நீதிபதி பகவதி மட்டும் செல்லாது என்றார். செல்லும் என்ற அந்த நாலு பேர்தான் இன்று எல்லார் வாயிலும் இருக்கிற 'அரிதிலும் அரிதான வழக்கு' என்ற சொல்லையும் போட்டார்கள். பலர் அதை 'கொடூரத்திலும் கொடூரமான குற்றம்' என்று புரிந்துகொண்டு பேசுகிறார்கள். அது பாதிதான். தீர்ப்பு சொல்வது: குற்றத்தையும் பார், குற்றம் செய்த ஆளையும் பார், ஆயுள் தண்டனை என்ற வழி சந்தேகத்துக்கே இடமில்லாமல் மூடிவிட்டது என்றால் மட்டும் தூக்கு. இவன் திருந்த வாய்ப்பே இல்லை என்று காட்ட வேண்டியது அரசுத் தரப்பின் பொறுப்பு, "நான் திருந்துவேன்" என்று நிரூபிக்க வேண்டியது கைதியின் வேலை இல்லை.

ஆகவே தீர்ப்பில் ஆள் எங்கே என்று தேடுங்கள். வயது, வளர்ந்த வீடு, படிப்பு, மனநிலை, ஜெயிலில் நடந்துகொண்ட விதம். 2022 மே மாதம் மனோஜ் வழக்கில் சுப்ரீம் கோர்ட் இதை நீதிபதியின் இஷ்டத்துக்கு விடாமல் கட்டாயமாக்கியது. விசாரணை நீதிமன்ற நிலையிலேயே மனநல மதிப்பீடு, குடும்பப் பின்னணி, சிறை நடத்தை பற்றிய அறிக்கைகளை வாங்கிப் பார்க்கணும். அதற்குப் பிறகு வந்த ஒரு தூக்குத் தீர்ப்பில் இந்த அறிக்கைகள் பற்றிய பேச்சே இல்லை என்றால், அந்த இடத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டு வையுங்கள், அப்பீலில் அந்த ஓட்டையை யாராவது எடுத்துப் பேசுவார்கள்.

சும்மா நடைமுறைப் பிடிவாதம் என்று இதைத் தள்ளுகிறவர்களுக்கு ஒரு பேரைச் சொல்வேன்: ராவ்ஜி. குற்றத்தை மட்டும் பார்த்தால் போதும், ஆளைப் பார்க்க வேண்டியதில்லை என்கிற போக்கில் அவருக்குத் தூக்கு உறுதியானது, 1996-ல் நிறைவேற்றியும் விட்டார்கள். 2009-ல் பரியார் வழக்கில் சுப்ரீம் கோர்ட் அந்தத் தீர்ப்பு பச்சன் சிங்குக்கு முரணானது, சட்டப்படி தவறானது என்றது. பதின்மூன்று வருஷம் கழித்து! 2012-ல் பதினான்கு ஓய்வுபெற்ற நீதிபதிகள் குடியரசுத் தலைவருக்குக் கடிதம் எழுதியது இந்த வகைத் தவறான தீர்ப்புகளில் மாட்டி இன்னும் உயிரோடு இருந்தவர்களுக்காகத்தான்.

'சமூகத்தின் கூட்டு மனசாட்சி' என்ற சொல் வந்தால் அங்கே வேகத்தைக் குறையுங்கள். 1983-ல் மச்சி சிங் வழக்கிலிருந்து கிளம்பிய சொல் அது. அந்தத் தீர்ப்பு ஐந்து வகைக் குற்றங்களைப் பட்டியல் போட்டுத் தந்தது, நாளடைவில் ஆளைப் பார்ப்பது போய்ப் பட்டியலில் டிக் அடிப்பது வந்துவிட்டது. என் அபிப்பிராயம், மனசாட்சி என்பது டிவி சத்தத்தை வைத்து அளக்கிற சாமான் இல்லை. ஒத்துக்கொள்ளாதவர்கள் இருக்கலாம்.

எது கொடூரம் என்று கோர்ட் ஏற்கெனவே சொன்னது

வாதத்துக்குக் கையில் வைத்துக்கொள்ள: தூக்கைத் தவிர வேறு தண்டனையே இல்லை என்கிற கட்டாயச் சட்டம் செல்லாது. மித்து வழக்கில், 1983-ல், இந்தியத் தண்டனைச் சட்டம் 303-வது பிரிவே காலியானது. ஆயுள் கைதி கொலை செய்தால் தூக்கு மட்டுமே என்றிருந்தது அது. பொது இடத்தில் தூக்கிலிடுவது முடியாது. ராஜஸ்தானில் அப்படி ஓர் உத்தரவு வந்தபோது 1985-ல் சுப்ரீம் கோர்ட் நிறுத்தியது, குற்றம் காட்டுமிராண்டித்தனம் என்பதால் தண்டனையும் அப்படி இருக்கத் தேவையில்லை என்ற பொருளில். குரூப்பில் "நடுரோட்டில் தொங்கவிடணும்" என்று யாராவது எழுதினால் இதைப் போடுங்கள். கர்ப்பிணிக்குத் தூக்கு என்றால் ஹைகோர்ட் அதை ஆயுளாக மாற்றியே ஆகணும். குற்றம் நடந்தபோது பதினெட்டு வயது ஆகாதவருக்குத் தூக்கே கிடையாது. ஆனால் கயிற்றில் தொங்கவிடும் முறை கொடூரம் என்று மட்டும் கோர்ட் ஒத்துக்கொள்ளவில்லை, 1983-ல் தீனா வழக்கில் அது செல்லும் என்றுவிட்டது.

காத்திருப்பை எண்ணுங்கள்

எனக்கு இந்த விவகாரத்தில் மிகவும் கனமான பகுதி இதுதான். அப்பீல் எல்லாம் முடிந்து, கருணை மனு போய், பதில் வராமல் வருஷக்கணக்கில் தினமும் காலையில் இன்றைக்கா என்று எழுந்திருப்பது தனி தண்டனை இல்லையா? இந்தக் கேள்வியைக் கோர்ட்டில் அழுத்தமாக எழுப்பியது ஒரு தமிழ்நாட்டு வழக்குதான், வைத்தீஸ்வரன் வழக்கு, 1983. இரண்டு வருஷத்துக்கு மேல் தாமதம் என்றால் தண்டனையைக் குறைக்கச் சொல்லிக் கேட்கலாம் என்றார் நீதிபதி சின்னப்ப ரெட்டி. அடுத்த மாதமே இன்னொரு அமர்வு, இரண்டு வருஷம் என்று கோடெல்லாம் கிழிக்க முடியாது என்றது. 1989-ல் ஐந்து பேர் அமர்வும் கணக்கு வேண்டாம், ஆனால் நியாயமில்லாத தாமதம் ஒரு காரணம்தான் என்று முடித்தது.

பிறகு 2014 ஜனவரி 21, சத்ருகன் சௌஹான் வழக்கு. அப்போது தலைமை நீதிபதி நம்மூர் சதாசிவம். ஒரே நாளில் 15 பேருக்குத் தூக்கு ஆயுளானது, தாமதத்துக்காகவும், சிலருக்கு மனநோய்க்காகவும். கருணை மனு தள்ளுபடியானதைக் கைதிக்கு எழுத்தில் சொல்லணும், அதற்கும் தூக்குத் தேதிக்கும் நடுவில் 14 நாள் இடைவெளி வேண்டும், இலவச சட்ட உதவி கடைசி வரைக்கும் தொடரணும் என்று விதிகளும் வந்தன. ஒரு மாதத்தில், பிப்ரவரி 18-ல், ராஜீவ் வழக்கில் மிச்சமிருந்த முருகன், சாந்தன், பேரறிவாளன் மூவருக்கும் அதே காரணத்தில் தண்டனை குறைந்தது. 2000-ல் போன மனுவுக்கு 2011-ல்தான் பதில் வந்தது. 2011 செப்டம்பர் 9 என்று தேதியும் குறித்து, ஆகஸ்ட் 30-ல் மெட்ராஸ் ஹைகோர்ட் தடை கொடுத்திருக்காவிட்டால் இந்தக் கணக்கைப் பார்க்க ஆள் இருந்திருக்க மாட்டார்கள்.

எனவே காகிதத்தில் ஒரு கோடு போட்டுத் தேதிகளை வரிசையாக எழுதுங்கள்: கைது, செஷன்ஸ் தீர்ப்பு, ஹைகோர்ட், சுப்ரீம் கோர்ட், சீராய்வு மனு (தூக்கு வழக்கில் மட்டும் இது திறந்த நீதிமன்றத்தில் வாதத்தோடு நடக்கணும் என்று 2014-ல் தீர்ப்பு), ஆளுநருக்கு மனு, குடியரசுத் தலைவருக்கு மனு, பதில். இதில் கைதி தரப்பு இழுத்த காலத்தையும் அரசு உட்கார்ந்திருந்த காலத்தையும் வேறு வேறு நிறத்தில் குறியுங்கள். கோர்ட் கணக்கில் எடுப்பது இரண்டாவதைத்தான்.

சண்டைக்குப் போகும் முன்

எதிர்த் தரப்பின் பலமான வாதத்தைத் தெரிந்துகொண்டு போங்கள். தூக்கு வேண்டும் என்பவர்கள் எல்லாரும் ரத்தவெறியர்கள் இல்லை. பெண்ணையோ பிள்ளையையோ இழந்த குடும்பத்துக்கு 'சீர்திருத்தம்' என்ற சொல் எப்படிக் கேட்கும் என்று யோசியுங்கள். டெல்லி நிர்பயா வழக்கில் ஜனவரி 22 என்று குறித்த தேதி மனு மேல் மனுவாகத் தள்ளிப் போய் 2020 மார்ச் 20-ல்தான் நடந்தது. அந்தத் தாய் ஒவ்வொரு தேதிக்கும் கோர்ட் வாசலில் நின்றதை நாடே பார்த்தது. தாமதமும் ஒரு கொடுமை என்றால் அவருக்கும் அது கொடுமைதான். இந்த வாதத்தைச் சிரித்து ஒதுக்கினால் நீங்கள் தோற்பீர்கள்.

'தூக்கு இருந்தால் பயம் இருக்கும்' என்பது அவ்வளவு பலமானதில்லை. 1967-ல் சட்ட ஆணையம் தூக்கை எடுத்துவிட்டுப் பார்க்கிற சோதனையில் இந்தியா இறங்க முடியாது என்றது. அதே ஆணையம் 2015-ல் தன் 262-வது அறிக்கையில், ஆயுள் தண்டனையைவிட இது கூடுதலாகப் பயமுறுத்துகிறது என்பதற்கு ஆதாரம் இல்லை என்று சொல்லி, பயங்கரவாத வழக்குகளைத் தவிர மற்றவற்றில் எடுத்துவிடலாம் என்று பரிந்துரைத்தது. தமிழ்நாட்டில் கடைசியாகத் தூக்கு நடந்தது 1995-ல் சேலம் சிறையில், ஆட்டோ சங்கருக்கு. அந்தப் பயத்தில்தான் முப்பது வருஷமாக இங்கே கொலை குறைந்திருக்கிறது என்று யாராவது சொன்னால், சரி, எதை வைத்துச் சொல்கிறீர்கள் என்று மட்டும் கேளுங்கள்.

வேண்டாம் என்பவர்களுக்கு இரண்டு வழக்கு போதும். ஒன்று ஹர்பன்ஸ் சிங் வழக்கு. ஒரே குற்றம், ஒரே மாதிரி பங்கு, மூன்று பேருக்கும் தூக்கு. மூவரும் தனித்தனியாக சுப்ரீம் கோர்ட் போனார்கள். ஒருவருக்கு ஆயுளாகக் குறைந்தது. இன்னொருவர் 1981 அக்டோபர் 6-ல் தூக்கிலிடப்பட்டார். அதே நாளுக்குத் தேதி குறிக்கப்பட்டிருந்த ஹர்பன்ஸ் சிங், கடைசி நேரத்தில் மனு போட்டதால் பிழைத்தார். எந்த அமர்வுக்கு வழக்கு போனது, யார் மனு போட்டார் என்பதில் உயிர் நின்றது. இன்னொன்று மகாராஷ்டிரத்தில் நாடோடிச் சமூகத்தைச் சேர்ந்த ஆறு பேர் வழக்கு. ஹைகோர்ட் மூன்று பேருக்கு ஆயுளாகக் குறைத்ததை 2009-ல் சுப்ரீம் கோர்ட் திருப்பி ஆறு பேருக்கும் தூக்கு என்றது. 2019-ல் அதே சுப்ரீம் கோர்ட் ஆறு பேரும் நிரபராதிகள் என்று விடுவித்து, ஆளுக்கு ஐந்து லட்சம் கொடுக்கச் சொன்னது. பெரியப்பா சொன்ன 'நாளைக்கே' நடந்திருந்தால் அந்த ஐந்து லட்சத்தை யாரிடம் கொடுப்பது?

நடுவில் ஒரு வழி இருப்பதையும் மறக்க வேண்டாம். 2008-லிருந்து ஹைகோர்ட்டும் சுப்ரீம் கோர்ட்டும் தூக்குக்குப் பதிலாக 25 வருஷம், 30 வருஷம், சில சமயம் சாகும்வரை விடுதலைக் கழிவு இல்லாத ஆயுள் என்று கொடுக்கின்றன. 'ஆயுள் என்றால் பதினாலு வருஷத்தில் வெளியே வந்துவிடுவான்' என்ற பயத்துக்கு இது பதில். ஆனால் நம்பிக்கையே இல்லாமல் சாகும்வரை அடைத்து வைப்பது கொடூரத்தில் சேராதா என்ற கேள்வி அங்கே இன்னொரு பக்கம் முளைக்கிறது. எனக்கு அதில் இன்னும் தீர்மானம் இல்லை.

உங்களுக்குத் தெரிந்த குடும்பம் என்றால்

இதுவரை சொன்னது வாசகருக்கு. உண்மையிலேயே அப்படி ஒரு வீட்டைத் தெரியும் என்றால் வேறு வேலை. தேசிய சட்டப் பணிகள் ஆணையத்தின் 15100 என்ற எண்ணுக்குப் பேசினாலும், மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு நேரில் போனாலும் காசில்லாமல் வக்கீல் கிடைப்பார். பள்ளிச் சான்றிதழைத் தேடி எடுங்கள், பதினெட்டு வயது ஆகவில்லை என்பது பிந்தித் தெரிந்தாலும் அதை எந்தக் கட்டத்திலும் கிளப்பலாம். மனநலச் சிகிச்சைச் சீட்டு, பழைய மருத்துவமனைக் காகிதம், ஜெயிலில் படித்த கோர்ஸ் சான்று எதையும் தூக்கிப் போடாதீர்கள். கருணை மனுவுக்குப் புதிய சட்டத்தில் கெடு இருக்கிறது: அப்பீல் தள்ளுபடி என்று சிறைக் கண்காணிப்பாளர் தெரிவித்த நாளிலிருந்து 30 நாள், ஆளுநர் மறுத்தால் குடியரசுத் தலைவருக்கு 60 நாள். குடியரசுத் தலைவர் முடிவை எதிர்த்து அப்பீல் இல்லை என்றும் அந்தச் சட்டம் சொல்கிறது, அதைப் பார்த்து யாரும் உட்கார்ந்துவிட வேண்டாம், அடிப்படை உரிமைக்காக நேராக சுப்ரீம் கோர்ட்டுக்குப் போகும் வழியான அரசியல் சட்டத்தின் 32-வது பிரிவை ஒரு சாதாரணச் சட்டத்தால் அடைக்க முடியாது. 14 நாள் இடைவெளி தொடங்குவது தள்ளுபடிக் கடிதம் கைதியின் கைக்கு வந்த தேதியிலிருந்து, எனவே அந்தக் கடிதத்தின் நகலையும் அது கொடுக்கப்பட்ட தேதியையும் அன்றைக்கே வாங்கி வக்கீலிடம் சேர்த்துவிடுங்கள்.